மகள் என்பதற்கு ருசு

பிரம்மபுத்திரா நதி தன் போக்கை மாற்றிக்கொள்ளுந்தோறும் தோன்றியும் மறைந்தும் வருகிற மணல் திட்டுகளை அஸ்ஸாமில் ‘சர்’ என்று வழங்குவார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மைமன்சிங் முதலிய கிழக்கு வங்காள ஜில்லாக்களிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் உழவர்களின் சந்ததியார் நெல்லும் சணலும் பயிரிட்டு, வெள்ளத்துக்கு வீட்டையும் வீட்டிலிருந்த பத்திரங்களையும் பலமுறை பறிகொடுத்து, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள்.

அவர்களுள் ஸ்திரீகள் படும் துன்பம் தனி வகையானது. அஸ்ஸாமின் தேசியக் குடிமக்கள் பதிவேட்டைப் புதுப்பித்தபோது, 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே தம் முன்னோர் இந்நாட்டில் இருந்தமைக்கு 1951ஆம் வருஷத்துப் பதிவேட்டையோ பழைய வாக்காளர் பட்டியலையோ காட்டுவதோடு, அம்முன்னோரின் வழித்தோன்றல் தாமே என்பதையும் பத்திரத்தால் ருசுப்படுத்த வேண்டும் என்று விதித்தார்கள். முதல் நிபந்தனையைப் பூர்த்தி செய்தவர் பலர். இரண்டாவதில்தான் பெண்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். பிறப்புப் பதிவாகாமல், பள்ளிப் படிப்பும் வாய்க்காமல், வாக்குரிமைக்குரிய வயது வருமுன்பே விவாகமாகி வேற்றூர் சென்ற பெண்ணின் பெயர் சர்க்கார் ஏட்டில் முதன்முதலாக ஏறியபோது, அதன் அருகில் இருந்தது தந்தையின் பெயரன்று, கணவனின் பெயர். நிலமும் பெரும்பாலும் சகோதரர்களுக்கே போயிற்று. ஆகவே ஒரு தாய் வயிற்றில் பிறந்த அண்ணன் பிரஜையாகவும் தங்கை அந்நியளாகவும் நிற்கும் விபரீதம் நேர்ந்தது.

இன்னாருடைய மகள் இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்று கிராமப் பஞ்சாயத்துக் காரியதரிசி அளிக்கும் அத்தாட்சியே இவர்களுக்கிருந்த ஒரே பற்றுக்கோடு. ஏறத்தாழ 48 லட்சம் விண்ணப்பங்கள் அதை நம்பியிருந்தன. அது செல்லாதென்று குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தக்கபடி சரிபார்த்து ஏற்கலாமென்று உச்ச நீதிமன்றம் அவ்வருஷம் டிசம்பரில் திருத்தியது. இடைப்பட்ட மாதங்களில் அக்குடும்பங்கள் அனுபவித்த திகிலை எந்தத் தீர்ப்பும் ஈடு செய்யாது.

2019 ஆகஸ்டு 31ஆம் தேதி வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டார்கள். அவர்களில் இந்துக்களும் உண்டு. ஆனால் அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தாருக்கு வழி திறந்து, முஸ்லிம்களை அதில் சேர்க்கவில்லை. முஸ்லிம் பெண்ணுக்கு எஞ்சியது வெளிநாட்டவர் தீர்ப்பாயம். அங்கோ, 1946ஆம் வருஷத்துச் சட்டம் வகுத்த முறைப்படி, தான் அந்நியளல்லள் என்று ருசுப்படுத்தும் பாரம் அவள் தலைமேலேயே விழுந்தது. தந்தையோ தமையனோ நேரில் வந்து ‘இவள் எங்கள் வீட்டுப் பெண்’ என்று சொன்னாலும், பத்திரமில்லாத வாய்மொழி போதாது என்று தள்ளப்பட்ட வழக்குகள் பல. பெயரின் எழுத்தில் காணும் சிறு வேற்றுமைக்காக ஒருவரை அந்நியராக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்ல நேர்ந்ததிலிருந்தே, எத்தகைய அற்பக் காரணங்கள் அங்கே விவகாரமாயின என்பதை ஊகிக்கலாம்.

பிறப்பைப் பதிவு செய்வதும் பெண்ணைப் பள்ளிக்கு வரச் செய்வதும் பால்ய விவாகத்தைத் தடுப்பதும் சர்க்காரின் கடமைகள். அவற்றில் அது தவறியதன் தண்டனையை அப்பெண் ஏற்பது நியாயமன்று. உறவினரின் சாட்சியத்தையும் ஊராரின் சாட்சியத்தையும் தீர்ப்பாயங்கள் மதித்து ஏற்கட்டும். ருசுவின் பாரத்தைச் சர்க்கார் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ளட்டும்.