எரிந்த ஊருக்கு எவர் வரி?

2025 ஜனவரி 7 அன்று மூண்ட காட்டுத்தீயில், லாஸ் ஏஞ்சலீஸ் கவுன்டியின் ஆல்டடீனா, பசிபிக் பாலிசேட்ஸ் பகுதிகளில் ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. சாலை, வடிகால், குடிநீர்க் குழாய் ஆகியவற்றைச் சீரமைக்கும் பொறுப்புள்ள உள்ளாட்சிகள் பெரிதும் நம்பியிருப்பது சொத்து வரியை. வீடே இல்லாதபோது வரி எங்கிருந்து வரும்? கூட்டாட்சி அரசின் உதவியும் பெரும்பாலும் செலவழித்த பிறகே வந்துசேர்கிறது.

இதற்குக் கலிபோர்னியச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. எரிந்த பகுதியைத் தனி நிதி மண்டலமாக அறிவித்து, தீக்குப் பிந்தைய சொத்து மதிப்பை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். வீடுகள் எழ எழக் கூடுதலாகக் கிடைக்கும் வரியில் உள்ளாட்சியின் பங்கைக் காட்டி, இப்போதே கடன் பத்திரம் வெளியிடலாம்.

சிக்கலின் வேர் 1978-இல் இருக்கிறது. மக்கள் வாக்களிப்பில் அவ்வாண்டு நிறைவேறிய 13-ஆவது முன்மொழிவு, சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காடாகவும், மதிப்பின் உயர்வை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குள்ளும் மட்டுப்படுத்தியது. கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் சந்தை மதிப்பு. பேரிடரில் அழிந்த வீட்டை ஏறக்குறைய பழைய அளவிலேயே கட்டுவோருக்குப் பழைய மதிப்பே தொடரும். முதியோருக்கு இது அரண், குறை சொல்வதற்கில்லை. ஆனால், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் திரும்பி வந்தால் நிதி மண்டலத்துக்குக் கிடைப்பது சொற்பம். அவர் மனையை விற்று வெளியேறினால் பன்மடங்கு. ஆல்டடீனாவில் தலைமுறைகளாக வேரூன்றிய கறுப்பினக் குடும்பங்கள் பல. எத்தனை வீடுகள் கைமாறும் என்று அந்த வருவாய்க் கணிப்பில் எழுதப்பட்டுள்ளது என்பதை, பத்திரம் வெளியாகும் முன்பே அவர்கள் கேட்டாக வேண்டும்.