பைரோயிற் இசைவிழா

ஜேர்மனியின் பைரோயிற் நகரில், றிச்சார்ட் வாக்னர் தம் இசைநாடகங்களுக்கென எழுப்பி 1876இல் திறந்த அரங்கிலே, கோடைதோறும் விழா நிகழ்கின்றது. யாம் சென்றிருந்தகாலை அழைப்பு மணி கேட்டிலேம். மாடத்தில் நின்ற பித்தளைக் குழலூதுவோர், வரவிருக்கும் அங்கத்தின் இசைத்துணுக்கொன்றை 15 நிமிடம் முன்னர் ஒருமுறையும், 10 நிமிடம் முன்னர் இருமுறையும், 5 நிமிடம் முன்னர் மும்முறையும் முழக்கினர்.

உள்ளே வாத்தியகாரரைக் காணோம்! மேடையின்கீழ்ப் படிப்படியாக இறங்கும் குழியில், வளைந்த மறைப்பின் பின்னே நூற்றுவரளவினர் இருந்து வாசிக்கின்றனர். அவையோர் கண் மேடையை விட்டு அகலலாகாதென்றே வாக்னர் அவர்களை மறைத்தார். விளைந்த பயனோ செவிக்கே பெரிது. நாதம் முதலில் மேடையை எட்டி, பாடகர் குரலோடு கலந்த பின்னரே அவையை அடைகின்றது. ஆதலின், எத்துணைப் பேரிசையிலும் குரல் அமிழ்வதில்லை.

காண்பாரின்மையால் வாத்தியகாரர் புழுக்கத்துக்கேற்ற எளிய உடையில் வாசிப்பராம். கடின இருக்கையில் மணிக்கணக்காக அமர்ந்திருந்த எமக்கு அவ்வசதி வாய்க்கவில்லை.