இழுத்தால்தான் பிடிக்கும்
செண்டாயானில் தோட்டங்களை ஒட்டி எழுந்த டெக்வேலி தொழிற்பேட்டையில் ஹீனோ லோரி ஆலை முதல் விமான பிரேக் செய்யும் சஃப்ரான் வரை பல தொழிற்சாலைகள் உள்ளன. இப்படிப்பட்ட பேட்டைகளில் லோரி ஏறக் காத்திருக்கும் பாலட்டைப் பார்த்தால், பெட்டிகளைச் சுற்றி மினுமினுப்பான ஸ்ட்ரெச் ஃபிலிம் இருக்கும். தூசியும் மழையும் படாமல் மூடத்தான் அது என்று நினைப்பவர்கள் அதிகம். மூடுவது அதன் உபரி வேலை. சரக்கை இறுக்கிப் பிடிப்பதே முதல் வேலை. இதை மாற்றிப் புரிந்துகொண்டால் ஃபிலிமும் வீண், பெட்டிகளும் சரியும்.

வெறுமனே மூடும் பிளாஸ்டிக்குக்குத் தோட்டத்துக்காரர்கள் அறிந்த உதாரணமே உண்டு. மலேசியா 1965-ல் கொண்டுவந்த எஸ்.எம்.ஆர். தர ரப்பர், இன்று 33.33 கிலோ கட்டிகளாக மெல்லிய பாலித்தீனில் சுற்றப்பட்டுப் போகிறது. 36 கட்டி சேர்ந்தால் 1.2 டன் பாலட். அந்தப் பாலித்தீன் எதையும் இறுக்குவதில்லை. கட்டியோடு கட்டி ஒட்டாமலும் அழுக்குப் படாமலும் காக்கும், அவ்வளவுதான். வாங்கும் ஆலை பாலித்தீனோடு சேர்த்தே அரைவை இயந்திரத்தில் போட்டுவிடும். அந்தச் சூட்டில் அது உருகி ரப்பரில் கலந்துவிடும்.

ஸ்ட்ரெச் ஃபிலிம் வேறு சாதி. சுமார் 20 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆனால் எல்.எல்.டி.பி.இ. என்ற இந்த வகை பாலித்தீன் இழுத்தால் நீளும், நீண்ட பின் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசை அடுக்குகளை ஒன்றோடொன்று அழுத்துவதால் உராய்வு கூடுகிறது. விறகுக் கட்டில் கயிறு வெளிக்குச்சிகளை மட்டுமே தொட்டாலும் நடுக்குச்சி நழுவாதே, அதே கதைதான். லோரி திடீரென பிரேக் போட்டால் சரக்கு எடையில் 0.8 பங்கு விசை முன்னோக்கித் தள்ளும் என்று ஐரோப்பியத் தரநிலை கணக்கிடுகிறது. பாலட்டை லோரியோடு பிணைப்பது பெல்ட்டின் பொறுப்பு. பாலட்டில் உள்ளது சிதறாமல் ஒரே கட்டாக நிற்பது ஃபிலிமின் பொறுப்பு.

எனவே முதல் சுற்றுகள் அடியில், ஃபிலிமின் கீழ் விளிம்பு பாலட் பலகையையும் கவ்வும்படி விழவேண்டும். பெட்டிகளை மட்டும் சுற்றி பலகையை விட்டுவிட்டால், எத்தனை சுற்று போட்டாலும் மொத்த அடுக்கும் ஒரே கட்டியாகப் பலகையைவிட்டு வழுக்கும். பிறகு முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி மேலேறி, உச்சிப் பெட்டியின் விளிம்பைத் தாண்டி மடிய வேண்டும்.

சந்தேகமாக இருந்தால் இன்னும் நாலு சுற்று போடலாமே என்பார்கள். தளர்ந்த சுற்று பத்து இருந்தாலும் தளர்ச்சிதான். கையால் சுற்றுபவர் குனிந்து பின்னோக்கி நடக்கையில் இழுப்பு ஒரே சீராக இருப்பது கடினம். இயந்திரத்தில் வெவ்வேறு வேகத்தில் உருளும் இரண்டு உருளைகள் ஃபிலிமை முன்கூட்டியே இழுத்துவிடுகின்றன. 200 முதல் 250 விழுக்காடு இழுத்தால் 1 மீட்டர் 3, மூன்றரை மீட்டராகிறது.

அதிகம் இழுத்தால் அட்டைப்பெட்டி நசுங்காதா? நசுங்கும். அதற்குத்தான் மூலைகளில் அட்டைத் தாங்கி. லேசான சரக்குக்கு இழுப்பைக் குறைத்து வைப்பார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் முழுக்க மூடினால் உள்ளே நீர் வியர்க்கும் என்பதும் நியாயமான கவலை. காய்கறிக்குத் துளையிட்ட ஃபிலிம் உண்டு. பிளாஸ்டிக் குப்பை என்ற குற்றச்சாட்டையும் மறுக்க முடியாது. ஆனால் அதைக் குறைக்கும் வழியும் இழுப்பில்தான் இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு பாலட்டில் ஒன்றைக் கையாலும் மற்றொன்றை இயந்திரத்தாலும் சுற்றி, ஃபிலிமை வெட்டியெடுத்துத் தராசில் வைத்தால் கிராம் கணக்கில் வித்தியாசம் தெரிந்துவிடும்.