சம்பளச் சீட்டு இல்லாத இல்லத்தரசிக்குக் கடன் அட்டை கிடைக்குமா?

வீட்டு வரவு செலவைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் இல்லத்தரசிதான். ஆனால், கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கப் போனால் வங்கி முதலில் கேட்பது சம்பளச் சீட்டை. வேலைக்குச் செல்லாதவர்களுக்கு அட்டையே கிடைக்காதா? கிடைக்கும். மூன்று வழிகள் உள்ளன. அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம்.

பேங்க் நெகாராவின் விதிமுறைப்படி, முதன்மை அட்டைக்கு விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட், அதாவது மாதம் 2,000 ரிங்கிட் இருக்க வேண்டும்.

1. துணை அட்டை

கணவரோ வேலை செய்யும் பிள்ளையோ தமது அட்டையின் கீழ் உங்களுக்கு ஒரு துணை அட்டை எடுத்துத் தரலாம். 18 வயது நிறைந்திருந்தால் போதும். உங்கள் வருமானச் சான்று தேவையில்லை. ஒவ்வோர் அட்டைக்கும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு.

இது எளிய வழிதான். ஆனால் கணக்கு உங்களுடையது அல்ல. தவணை தவறாமல் கட்டினாலும் அந்த நற்பெயர் முதன்மை அட்டைதாரருக்கே சேரும். கணவர் காலமானாலோ அவர் அட்டையை ரத்து செய்தாலோ துணை அட்டையும் செல்லாது. பணம் அவசரமாகத் தேவைப்படும் வேளையில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

2. வைப்புத் தொகையை ஈடாக வைத்துப் பெறும் அட்டை

உங்கள் பெயரில் நிரந்தர வைப்புத் தொகை இருந்தால், அதை ஈடாகக் கொண்டு சில வங்கிகள் அட்டை வழங்குகின்றன. வைப்புத் தொகையின் அளவைப் பொறுத்துக் கடன் வரம்பு அமையும். வட்டி தொடர்ந்து கிடைக்கும்; ஆனால் அட்டை இருக்கும்வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது. ஆகவே, அவசரத்திற்கு வைத்திருக்கும் சேமிப்பு முழுவதையும் இதில் போட்டுவிட வேண்டாம்.

3. உங்கள் சொந்த வருமானம்

பலகாரம் செய்து விற்பது, தையல், டியூஷன், குழந்தைப் பராமரிப்பு எல்லாமே வருமானம்தான். ஆனால் ரொக்கமாக வந்து ரொக்கமாகவே செலவாகும் பணத்துக்குச் சான்று இருக்காது. தொழிலை எஸ்எஸ்எம்மில் பதிவு செய்யுங்கள். வரும் பணத்தை ஒரே வங்கிக் கணக்கில் போடுங்கள். வருமான வரிப் பாரம் பி-யை ஆண்டுதோறும் சமர்ப்பியுங்கள். பதிவுச் சான்றிதழ், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வரிப் பாரம் ஆகியவற்றையே வங்கிகள் பொதுவாகக் கேட்கின்றன. வாடகை வருமானம் உள்ளவர்கள் முத்திரை வரி செலுத்திய ஒப்பந்தத்தைக் காட்டலாம்.

'சம்பளச் சீட்டு நாங்களே தயார் செய்து தருகிறோம்' என்று அணுகும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். போலி ஆவணம் கொடுப்பது குற்றம். சிக்கிக்கொள்வது கையெழுத்திட்ட நீங்கள்தான்.

அட்டை கைக்கு வந்த பிறகு

மாதந்தோறும் குறைந்தபட்சமாக 5 விழுக்காடு கட்டினால் போதும் என்று அறிக்கையில் இருக்கும். அதை மட்டும் கட்டினால் கடன் எளிதில் தீராது. 3,000 ரிங்கிட் பாக்கிக்கு 150 ரிங்கிட் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 18 விழுக்காடு என்றால், அதில் சுமார் 45 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும். முழுத் தொகையையும் கட்ட முடிந்த அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்பதைத் தவிருங்கள். அதற்குக் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

உங்கள் பெயரில் உள்ள அட்டைக்கு நீங்கள் பணம் கட்டும் விதம் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் இடம்பெறும். நாளை கார் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது வங்கி பார்ப்பது இதைத்தான். உங்கள் பதிவை இசிசிரிஸ் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கடன் கைமீறிப் போனால், ஏகேபிகே அமைப்பு இலவச ஆலோசனை வழங்குகிறது.

இப்போதைக்குத் துணை அட்டை போதும் என்றாலும், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கையும் சிறு சேமிப்பையும் இன்றே தொடங்கி வையுங்கள். பின்னாளில் சொந்த அட்டைக்கு விண்ணப்பிக்க அதுவே முதல் படி.