தராசைக் கேள்வி கேட்ட ஆயர்

தீர்க்கதரிசி என்றவுடன் வருங்காலம் கூறுபவர் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். குறி சொல்வோர்க்கு நம்மிடையே என்றும் குறைவில்லாமையால் வந்த எண்ணம் போலும்! பண்டைய இஸ்ரவேலரின் தீர்க்கதரிசிகளோ பெரும்பாலும் நிகழ்காலத்தையே பேசினர். சமூகம் இறைவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை அரசனுக்கும் குருவுக்கும் வணிகனுக்கும் முகத்துக்கு நேரே நினைவூட்டுவதே அவர்தம் பணி.

அவருள் ஆமோஸ் என்பவரை நானுஓயாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர் எளிதில் அறிந்துகொள்வர். அவர் கி.மு. 8ஆம் நூற்றாண்டினர்; தெக்கோவா என்னும் ஊரில் ஆடு மேய்த்தவர். வடநாடு செல்வத்தில் திளைத்த காலம் அது. ஆலயங்களில் பலிக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. ஆயினும், ஓய்வுநாள் எப்போது கழியும், மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத் தராசால் ஏழையை எப்போது ஏய்க்கலாம் என்று வணிகர் காத்திருந்தனர். அத்தராசை இறைவன் மறவான் என்றார் ஆமோஸ். நீதியற்றோர் பாடும் பாட்டு அவன் செவிக்கு வெறும் இரைச்சலே என்றார்.

பெத்தேல் ஆலயக் குரு அமத்சியா அளித்த விடை யாது? உன் நாட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்பதே. அவ்விடை மலையகத் தமிழருக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. நானுஓயா முதலிய மலைநாட்டு நிலையங்களிற் புகையிரதம் ஏறித் தலைமன்னார் நோக்கிச் சென்றோர் எத்தனை குடும்பத்தினர்!

மத்யன் மக்களிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் நபியும், அளவையிலும் நிறுவையிலும் குறை செய்யலாகாது என்று போதித்ததாகத் திருக்குர்ஆன் கூறுகின்றது. ஏழையின் உழைப்பு காசாக மாறும் இடம் தராசன்றோ? கொழுந்து மடுவத்தில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கப்படுவது, மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று ஒரு பெண் பறித்த கொழுந்து. குறித்த நிறை சேராவிடின் அவளது முழுப்பேர் அரைப்பேராகிவிடும்.

ஆமோஸ் முதலில் தமஸ்கு, காசா, தீரு முதலிய அயலாரையே கண்டித்தார். கேட்டோர் மகிழ்ந்து தலையசைத்திருப்பர். பின்னர் அவர்களையே நோக்கித் திரும்பினார். நாமும் துரைமாரின் குற்றங்களை விரும்பிப் பேசுகிறோம். பெரிய கங்காணி நம்மவரே அல்லரோ? ஆட்கள் வேலைக்கு வந்த நாளெல்லாம் தலைக்காசு பெற்றவர் அவர். கடனால் அவர்களைப் பிணித்தவரும் அவரே. அக்கடனைக் குறித்த ‘துண்டு’ச் சீட்டின் மேல் மனிதர் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறினர். 1921ஆம் ஆண்டிலேதான் சட்டம் அம்முறையை ஒழித்தது. அத்தகைய கங்காணிமாரிற் பலர் கோயில் திருவிழாவையும் முன்னின்று நடத்தினர். மாலையும் மரியாதையும் முதலில் அவர்களுக்கே. அங்கே கணக்குக் கேட்க ஓர் ஆமோஸ் இருந்தாரா?

பிற்காலத்தில் அவ்வாறு கேட்டோருள் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் ஒருவர். 1972ஆம் ஆண்டு கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவித் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக எழுதியும் பேசியும் உழைத்தவர். 2017ஆம் ஆண்டு மறைந்தார்.

ஆமோஸோ தம்மைத் தீர்க்கதரிசி என்றே சொல்லிக்கொள்ளவில்லை. மந்தை மேய்ப்பவன், காட்டத்தி மரம் பேணுபவன் என்றார். மடுவத்திலே தராசு காட்டும் நிறையைத் தானும் பார்க்கவேண்டும் என்று கேட்கும் பெண்ணை வாயாடி என்று ஏசுவோர் இன்றும் உளர்.