குளிரில் துள்ளும் குதிரை

கீழே கூமாப்பட்டி போன்ற ஊர்களின் வெயிலிலிருந்து மார்கழியில் கொடைக்கானல் ஏறுகிறவர்கள், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், ஏரிக்கரையில் வாடகைக் குதிரை ஏறுவதுண்டு. காலைக் குளிரில் அது காதை விடைத்து, முதுகைத் தூக்கித் துள்ளினால் 'முரட்டுக் குதிரை' என்று முத்திரை குத்திவிடுகிறோம். குளிர் மட்டுமே குதிரையை அவ்வளவு வாட்டாது. தின்ற உலர்புல் பெருங்குடலில் நொதிக்கும் சூடே அதற்குக் கம்பளி. இரவெல்லாம் கட்டிக்கிடந்து இறுகிய தசை, வேலைக்கு மிஞ்சிய தானியம், காற்றில் படபடக்கும் பிளாஸ்டிக் பை, வாயில் திணித்த சில்லிட்ட கடிவாள இரும்பு: பதற்றம் பெரும்பாலும் இவற்றால்தான்.

இதற்குச் சாட்டை எப்படி மருந்தாகும்? இரும்பைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கவிட்டு, பெரிய வட்டமாகத் திருப்பினால் முதுகு இளகும். கடிவாள வாரை இறுக்கினாலோ, முன்னே போக வழியில்லாத குதிரை மேலே எழும்பும். இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள் சிலர். இடம் கொடுப்பது வேறு, வேலை கொடுப்பது வேறு. வட்டத்தில் திரும்பும் குதிரை சொல்பேச்சு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உடம்பு சூடேறிய பிறகும் சேணத்துக்குச் சுருங்கினால் அது முதுகுவலியாக இருக்கலாம். குளிரைக் குறைசொல்லாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுத்த முறை ஏறுமுன், "கொஞ்சம் நடக்கவிட்டீங்களாண்ணே?" என்று குதிரைக்காரரிடம் கேளுங்கள்.