விதையே இல்லாத குங்குமப்பூ!

‘வீட்டு அறையிலேயே குங்குமப்பூ வளர்த்து லட்சங்களை அள்ளலாம்’ என்கிற வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். கிழங்குக்கு ஆர்டர் போடும் முன், காஷ்மீரின் பாம்பூர் வயல்களை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவோமா?

ஸ்ரீநகருக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்காத மேட்டு நிலத்தில் இருக்கிறது பாம்பூர். அக்டோபர் கடைசியில் வயலெங்கும் ஊதாப் பூக்கள். வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். பிறகு குடும்பமே சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் சிவப்பு இழைகளைப் பிரிக்கும். ஒரு பூவுக்கு மூன்றே இழைகள். ஒரு கிலோ குங்குமப்பூவுக்குச் சுமார் 1.5 லட்சம் பூக்கள் வேண்டும் என்றால், வேலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பூத்தும் ஒரு விதைகூடப் பிடிக்காது. மற்ற செடிகளில் பெரும்பாலும் இரண்டு தொகுதிகளாக இருக்கும் குரோமோசோம், இதில் மூன்று தொகுதி. அதனால் இது மலட்டுச் செடி. காட்டில் தானாக வளர்வதும் இல்லை. மனிதர் கிழங்கைத் தோண்டி, பிரித்து, மறுபடி நட்டால்தான் அடுத்த தலைமுறை!

கிழங்கு பார்க்கச் சின்னச் சேப்பங்கிழங்கு மாதிரி, நார் போர்த்தி இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் அரை அடி ஆழத்தில் நடுகிறார்கள். பூ முடிந்ததும் புல் போன்ற இலைகள் குளிர்காலம் முழுக்க உணவு தயாரிக்க, தாய்க்கிழங்கு சுருங்கி, அதன் மேலேயே குட்டிக் கிழங்குகள் பிறக்கும். மே மாதம் இலை காய்ந்து, கோடை முழுக்க உறக்கம். குட்டிகள் வருடா வருடம் மேலே ஏறி நெருக்கியடிப்பதால், நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை தோண்டிப் பிரிக்க வேண்டும். அப்படியே விட்டால் கிழங்கு சிறுத்துவிடும். எட்டு கிராமுக்குக் குறைந்தால் பெரும்பாலும் பூக்காது. அழுகல் நோய், பொய்க்கும் மழை, போதாக்குறைக்குக் கிழங்கைத் தோண்டித் தின்னும் முள்ளம்பன்றி வேறு! பயிரை மீட்க 2010-ல் தேசியக் குங்குமப்பூ இயக்கத்தையே அரசு தொடங்க வேண்டியிருந்தது.

சரி, வீட்டு அறைக்கு வருவோம். பெரிய கிழங்கு மண்ணே இல்லாமல் தட்டில் பூத்துவிடும், அது உண்மைதான். உள்ளே சேமித்த உணவு போதும். ஆனால், பூ வெளிவர சுமார் 17 டிகிரி குளிர் தேவை. சமவெளியில் அதற்கு ஏ.சி-தான்; கரன்ட் பில்லையும் கணக்கில் சேருங்கள். நல்ல கிழங்கு இரண்டு, மூன்று பூ தரும். ஒரு கிராமுக்கு 150 பூ என்றால், குறைந்தது 50 கிழங்கு! பூத்த பிறகு மண்ணும் வெளிச்சமும் குளிரும் பல மாதம் கொடுக்காவிட்டால் குட்டி வைக்காது. அடுத்த வருடம் மறுபடி காசு கொடுத்துக் கிழங்கு வாங்க வேண்டியதுதான். வீடியோக்களில் இந்த இரண்டாம் வருடக் கதை வருவதே இல்லை.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்கள் ஆசைக்குப் பத்துக் கிழங்கு வைத்துப் பார்க்கலாம். கனமான, பூஞ்சை இல்லாத கிழங்காகத் தேர்ந்தெடுங்கள். தொட்டியை மழை படாத இடத்தில் வைத்து, தண்ணீரை அளவோடு ஊற்றுங்கள். முக்கியமாக, பூ முடிந்துவிட்டதே என்று இலையை நறுக்கிவிடாதீர்கள். அது தானாகப் பழுத்துக் காயட்டும். அடுத்த வருடக் கிழங்கு அந்த இலையை நம்பித்தான் பருக்கிறது.